கீமோவிற்கு முன்பே முடியை வெட்டிவிடலாமா, உதிரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: தஞ்சை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. தஞ்சாவூருக்கு அருகே ஒரு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி இருப்பது சித்திரை மாதம் தெரியவந்தது. அறுவை சிகிச்சை முடிந்து காயமும் ஆறிவிட்டது. வருகிற பன்னிரண்டாம் தேதி, புற்றுநோய்க்கான மருந்தான கீமோவை முதல்முறையாக ஏற்றப்போகிறார்கள்.

மருத்துவர் மற்ற எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் விளக்கினார். முடியைப் பற்றி மட்டும், நான் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு, "முடி உதிரலாம், மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். உதிரும் என்பதற்கும் உதிரலாம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிற எனக்கு, அந்த "லாம்" பத்து நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. உறுதியாக உதிரும் என்றால் அதற்கு ஒரு வழி பார்த்துக்கொள்வேன். உதிரவே உதிராது என்றால் நிம்மதியாகத் தூங்குவேன். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

என் முடி இடுப்புக்குக் கீழே வரும். திருமணமாகி வந்த நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் என் மாமியார்தான் எண்ணெய் வைத்துவிடுகிறார். அவர் சிறுமியாக இருந்தபோது, கணவனை இழந்த தம் பாட்டிக்கு மொட்டையடித்ததைப் பார்த்தவர். "கட்டுக்கழுத்தி தலையில் கத்தி படக்கூடாது" என்று அழுகிறார். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், தலையைக் குளிர வைக்கும் தொப்பி ஒன்று இருப்பதாகவும் அதை அணிந்தால் முடி போகாது என்றும் சொன்னார். இன்னொருவர் கரிசலாங்கண்ணித் தைலம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

உயிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரத்தில் முடியைப் பற்றிக் கேட்கிறோமே என்று எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்த வழியில் போய்வந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.


பதில்: கீமோ பிரிவுச் செவிலியர்

வணக்கம் டீச்சர். நான் ஒரு மருத்துவமனையின் கீமோ பகல்நேரப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முதலில் கூச்சத்தை விட்டுவிடுங்கள். வாந்தியைப் பற்றிக் கேட்பதைவிட முடியைப் பற்றிக் கேட்பவர்களே எங்களிடம் அதிகம். சத்தமாகக் கேட்பவர்கள்தான் குறைவு.

அந்த "லாம்" எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். கீமோ என்பது ஒரே மருந்தின் பெயரன்று. அட்ரியாமைசின் என்று நாங்கள் அழைக்கும் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பாக்லிடாக்செல், டோசிடாக்செல் ஆகியவை, மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவில், முடியைப் பெரும்பாலும் முழுமையாகவே உதிர்த்துவிடுகின்றன. கார்போபிளாட்டின், ஃபைவ் எஃப்யூ போன்றவற்றைத் தனியாகக் கொடுத்தால் முடி மெலியும், ஆனால் பலருக்குத் தலை வெறுமையாவதில்லை. பின்னாளில் தரப்படும் டாமாக்சிபென் மாத்திரையில் சிலருக்கு முடி அடர்த்தி சற்றுக் குறையும், அவ்வளவுதான். கதிர்வீச்சைப் பொறுத்தவரை, அது படும் இடத்து முடி மட்டுமே போகும். மார்புக்குக் கொடுக்கும் கதிர்வீச்சால் தலைமுடி உதிராது. ஆகவே மருத்துவரிடமோ செவிலியரிடமோ உங்கள் மருந்துகளின் பெயரையும், எத்தனை சுற்று என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உங்கள் கேள்விக்கான விடையில் முக்கால் பங்கு அந்தத் தாளில்தான் இருக்கிறது.

உதிரும் மருந்துகளாக இருந்தால், முதல் சுற்று ஏற்றிய இரண்டாம் வாரத்தின் இறுதியிலோ மூன்றாம் வாரத்திலோ தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பாகத் தலைத்தோல் வலிக்கும். இறுக்கிப் பின்னிய சடையை அவிழ்த்தால் மயிர்க்கால்கள் நோகுமே, அது போன்ற வலி. பிறகு தலையணையிலும் குளியலறையிலும் கொத்துக் கொத்தாக வரும். மயிர்க்காலின் வேரில் உள்ள செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பெருகுபவை என்பதும், வேகமாகப் பெருகும் செல்களையே இந்த மருந்துகள் தாக்குகின்றன என்பதும்தான் காரணம். மருந்து இரத்தத்தின் வழியாக வேருக்கு வருவதால், மேலே எந்தத் தைலத்தைத் தடவினாலும் அதைத் தடுக்க முடியாது. கொடுத்தவர் மனம் நோகாமல் அந்தக் கரிசலாங்கண்ணித் தைலத்தை எடுத்து வைத்துவிடுங்கள். முடிக்கு நல்லது என்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதிக அளவில் உட்கொண்டால் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும்.

குளிர்தொப்பி பொய்யன்று. மருந்து ஏற்றுவதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து, ஏற்றி முடிந்து ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ வரை தலைத்தோலைக் குளிர்வித்தால், அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, வேருக்கு மருந்து குறைவாகப் போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 டிசம்பரில் இத்தகைய கருவி ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி அளித்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தொப்பி அணிந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 95 பேரில் 48 பேருக்குப் பாதிக்கு மேல் முடி தங்கியது. அணியாத 47 பேரில் ஒருவருக்கும் தங்கவில்லை. ஆனால் அட்ரியாமைசின் கொடுத்தவர்களிடம் பலன் குறைவாகவே இருந்தது. தலைவலி வரும், குளிர் நடுக்கும், ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சில மணி நேரம் உட்கார வேண்டும். நம் பக்கத்தில் சில பெரிய தனியார் மருத்துவமனைகளில்தான் இருக்கிறது, செலவும் தனி. கேட்டுப் பாருங்கள், ஆனால் இதற்காக முதல் கீமோவின் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

எப்போது வெட்டுவது என்பது உங்கள் விருப்பம். எதைக் கொண்டு வெட்டுவது என்பதில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன். கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்த வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். முடி உதிரத் தொடங்குவதும் ஏறத்தாழ அதை ஒட்டித்தான். அந்தச் சமயத்தில் சவரக் கத்தியாலோ பிளேடாலோ மழித்து ஒரு சிறு கீறல் விழுந்தாலும் கிருமி தொற்றக்கூடும். மின்சார டிரிம்மரால் ஒட்ட வெட்டினால் போதும்.


பதில்: மதுரையிலிருந்து ஒரு சகோதரி

சகோதரி, எனக்குக் கீமோ முடிந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. நான் காத்திருந்தேன், காத்திருந்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பதினாறாம் நாள் தலைக்குக் குளித்தபோது, நீண்ட முடியானதால், உதிர்ந்தது உதிராததோடு சேர்ந்து சிக்கிப் பெரிய சடைமுடியாகத் திரண்டுவிட்டது. என் அக்கா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சிக்கெடுத்தும் முடியாமல், இரவு பத்து மணிக்குக் கத்தரிக்கோலால் வெட்டினாள். இருவரும் அழுதோம். தோள் அளவிற்காவது முன்கூட்டியே வெட்டியிருந்தால் அந்த இரவு வந்திருக்காது. உங்களைப் போன்று இடுப்புக்குக் கீழே முடியுள்ளவர்கள் இரண்டு கட்டமாகச் செய்வது நல்லது என்று தோன்றுகிறது: முதல் கீமோவிற்கு முன் தோளளவு, உதிரத் தொடங்கியதும் முழுவதும். கண்ணாடியில் தெரியும் முகம் ஒரே நாளில் மாறிவிடாமல் இருக்கும்.

விக் வாங்குவதானால் முடி இருக்கும்போதே வாங்குங்கள். நிறத்தையும் வகிடு எடுக்கும் இடத்தையும் பொருத்திப் பார்க்க முடியும். செயற்கை இழை விக் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும், உண்மையான முடியில் செய்தது பல மடங்கு விலை. (நாம் திருப்பதியில் காணிக்கையாகக் கொடுத்த முடிதான் ஏலத்தில் விலைபோய், விக்காகி, உலகம் முழுவதும் விற்பனையாகிறது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.) நான் வாங்கியது செயற்கை. அதை அணிந்துகொண்டு ஒரு நாள் குக்கரைத் திறந்தேன். ஆவி அடித்து நெற்றிப் பக்கத்து இழைகள் சுருண்டு, துடைப்பம் போன்று விறைத்துவிட்டன. அடுப்படிக்குள் விக்கோடு போகாதீர்கள். சித்திரை வைகாசியில் மதுரை வெயிலில் அதை அணிவது கம்பளித் தொப்பி அணிவது போன்றதுதான். நான் திருமணங்களுக்கும் வங்கிக்கும் மட்டும் அணிந்தேன். மற்ற நாட்களில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துச் செய்த துணிதான். பட்டும் நைலானும் வழுக்கும், பருத்திதான் வெறுந்தலையில் நிற்கும்.

ஊரார் பேச்சைப் பற்றியும் உங்களுக்குப் பயம் இருக்கலாம். நம் ஊரில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் பேருந்தில் ஏறினால் யாரும் புற்றுநோய் என்று நினைப்பதில்லை. "பழனியா, திருப்பதியா?" என்று கேட்கிறார்கள். முதலிரண்டு முறை உண்மையைச் சொன்னேன். கேட்டவர்களின் முகம் வாடி, நான் அவர்களைத் தேற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு "சமயபுரம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது பொய்தான், ஆனால் அன்றைக்கு இருந்த களைப்பில் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் என் மகனிடம் மறைத்தேன். அவன் குப்பைக்கூடையில் முடியைப் பார்த்துவிட்டு, நான் சாகப்போகிறேன் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மருந்தினால்தான் முடி போகிறது, நோய் முற்றியதனால் அன்று என்று அவனுக்குப் புரிய வைக்கவே ஒரு வாரம் ஆனது.


பதில்: நாகூர்வாசி

நான் எப்போதும் தலையை மூடியே வெளியில் செல்பவள். ஆகவே முடி போவதில் எனக்கு என்ன கஷ்டம் என்று உறவினர்களே கேட்டார்கள். உண்மையில் தெருவில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள்தான் சிரமம். என் முடியைப் பார்க்க உரிமையுள்ளவர்கள் என்று இருந்ததே ஐந்தாறு பேர்தான். போனபின் அந்த ஐந்தாறு பேரும் பார்த்தார்கள். இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் துணியை எடுப்பேன். கணவர் ஒரு நாள், "உன் தலை எனக்கு ஒன்றும் புதிதன்று, மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தூங்கு" என்றார். பெரிய ஆறுதல் வார்த்தை எதுவும் அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஏற்றதாக இருந்தது.

உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று. நாங்கள் முக்காட்டுக்கு அடியில் அணியும் பருத்தி உள்தொப்பி, மெல்லியதாகவும் தையல் உறுத்தாமலும் இருக்கும். விக்கின் அடியில் அணிந்தால் அரிப்பும் வியர்வையும் குறையும். இரவில் தனியாக அணிந்தால் உதிரும் முடி தலையணையில் பரவாமல் அதற்குள்ளேயே நிற்கும். காலையில் எழுந்ததும் தலையணையைப் பார்க்கும் அந்த நொடியைத் தவிர்க்க இது எனக்கு மிகவும் உதவியது. எங்கள் ஊர்க் கடைகளில் விலை மிகக் குறைவு.


பதில்: கோவை வாசகர்

ஆண்கள் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய். இரண்டு வாரத்திற்கு ஒரு முறை என்று ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். நிணநீர் மண்டலத்திலும் இரத்தத்திலும் வரும் புற்றுநோய்களுக்குக் குளிர்தொப்பி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. "ஆம்பிளைக்கு மொட்டை ஒரு விஷயமா" என்று அலுவலகத்தில் தோளைத் தட்டினார்கள். மொட்டை ஒரு விஷயமாக இல்லைதான். மூன்றாம் மாதம் புருவமும் இமைமயிரும் போயின. அன்றிலிருந்துதான் எல்லாரும் என்னை நோயாளியாகப் பார்த்தார்கள். கண்ணில் தூசி விழுந்துகொண்டே இருக்கும். மூக்கிலுள்ள மயிரும் போய்விடுவதால் குனிந்தாலே மூக்கு ஒழுகும். இதை யாரும் முன்பே சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். இருசக்கர வண்டியில் போகும்போது கண்ணாடி அணியுங்கள். புருவம் இருக்கும்போதே முகத்தை நெருக்கமாக ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள். பிறகு பென்சிலால் வரைவதற்கு அளவு வேண்டும். நான் அளவில்லாமல் வரைந்து, மூன்று நாள் தெருக்கூத்துக் கட்டியங்காரன் போன்று திரிந்தேன்.


தஞ்சை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. நேற்று மருத்துவமனைக்குப் போய், செவிலியர் அம்மா சொன்னபடியே தாளில் எழுதி வாங்கினேன். அட்ரியாமைசினும் சைக்ளோபாஸ்பமைடும் 21 நாளுக்கு ஒரு முறை நான்கு சுற்று. அதன்பின் வாரந்தோறும் பாக்லிடாக்செல் பன்னிரண்டு முறை. குளிர்தொப்பி இங்கே இல்லை. திருச்சியிலும் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. சென்னைக்கு ஒவ்வொரு முறையும் போய்வர என் உடம்பும் விடுப்பும் இடம் கொடுக்காது.

மகளிடம் சொல்லிவிட்டேன். "வலிக்குமா?" என்று கேட்டாள். அதன்பின், "மறுபடி முளைக்கும்போது எனக்கு இருப்பது போலச் சுருட்டையாக முளைக்குமா?" என்றாள். தெரியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை என் சடையைத் தானே வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மதுரைச் சகோதரி எழுதிய பேருந்துக் கதையை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போனவர், மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தருகே வைத்தார். "சமயபுரத்தாளுக்கு நேர்ந்திருக்கிறேன், இனி அது அவளுக்கு உரிய முடி, கேட்டவர்களிடம் நீ பொய் சொல்ல வேண்டியதில்லை" என்றார். அடுத்த பேச்சு, இப்போதே சமயபுரம் போய் மொட்டையடித்துவிடலாம் என்பது. கீமோவிற்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. போகலாமா? வெட்டிய சடையை யாருக்காவது கொடுக்க முடியுமா? மகள் கேட்ட கேள்விக்கும் விடை வேண்டும்.


கீமோ பிரிவுச் செவிலியர்

டீச்சர், இந்த மருந்துகளுக்கு "லாம்" கிடையாது, "உம்" தான். ஏறத்தாழ எல்லாருக்கும் உதிரும். உங்களுக்கு இரண்டாம் சுற்றுக்குப் போவதற்குள் பெரும்பகுதி போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பாக்லிடாக்செல்லில் புருவமும் போகக்கூடும். கோவை நண்பர் சொன்ன புகைப்படத்தை மறக்காதீர்கள்.

சமயபுரத்துக்கு இப்போது வேண்டாம். கூட்டத்தில் ஒரு காய்ச்சலோ இருமலோ தொற்றினால் முதல் சுற்று தள்ளிப்போகும். பலருக்கு மழித்த கத்தியும் வேண்டாம். நேர்ந்ததை எப்போது வேண்டுமானாலும் செலுத்தலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து முடி வளர்ந்த பிறகு போனால் கொடுப்பதற்கு முடியும் இருக்கும். அதற்குத்தானே மஞ்சள் துணி.

கடைசிச் சுற்று முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பூனை முடி போன்று முளைக்கும். பிறகு மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். பாக்லிடாக்செல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு மெல்லிய முடி தெரியத் தொடங்கும். முதலில் சுருட்டையாகவோ நரையாகவோ வருவது சாதாரணம். பலருக்கு ஓராண்டுக்குள் பழைய தன்மைக்குத் திரும்பிவிடும். ஆகவே மகளிடம், கொஞ்ச நாளாவது அவளைப் போல இருக்க வாய்ப்பிருக்கிறது என்று சொல்லுங்கள். மிகச் சிலருக்கு முழு அடர்த்தி திரும்புவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. டோசிடாக்செல் கொடுத்தவர்களிடம் இதைச் சற்று அதிகமாகப் பார்த்திருக்கிறார்கள், உங்கள் தாளில் அது இல்லை. சாயம் பூசுவதை மருத்துவர் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள்.

சடையைத் தாராளமாகக் கொடுக்கலாம். விக் செய்வதற்கு முடி பெறும் அமைப்புகள் பெரும்பாலும் 12 அங்குலமாவது கேட்கின்றன. உங்களுக்கு அதற்கு மேலேயே இருக்கும். ஒரு விக்கிற்குப் பலருடைய முடி வேண்டும் என்பதால், அது உங்களுக்கே விக்காகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை தலைக்குக் குளித்து, ஈரம் முழுவதும் காய்ந்த பின் பின்னுங்கள். மேலேயும் கீழேயும் ரப்பர் பேண்ட் போட்டு, மேல் ரப்பருக்குச் சற்று மேலே மகளை வெட்டச் சொல்லுங்கள். கீழே வெட்டினால் பின்னல் அவிழ்ந்து தரையில் சிதறிவிடும், அள்ளிய முடியை வாங்கமாட்டார்கள். ஒரே வெட்டில் போகாது, கத்தரிக்கோலை நான்கைந்து முறை அழுத்த வேண்டியிருக்கும். பயந்துவிடாதே என்று அவளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். சடையைக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் துளி ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும்.